ஈகையன்று, கடன்: தனியார் பள்ளிகளின் கல்வி வளப் பகிர்வு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். கல்விச் செல்வம் கொடுக்க வளரும். இவ்வுண்மையைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளனர். கல்விக்கூடங்களின் விழா மேடைகளில் இக்கருத்து ஒலிக்காத நாளில்லை எனலாம். எனினும், இதனை ஏற்றுக்கொள்ளும்போதே நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். கல்வி குறையாச் செல்வமே. ஆனால், அதனைக் கொண்டு சேர்க்கும் கருவிகள் குறையும் தன்மையுடையன. ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு வகுப்பறைகளில் நிற்க இயலாது. ஆய்வுக்கூட மேசையைச் சுற்றி நான்கு மாணவர் நெருங்கி நின்றுவிட்டால் ஐந்தாமவர் எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

கட்டணம் பெற்று நடத்தப்பெறும் தனியார் பள்ளிகள், தங்களிடமுள்ள பாடக்குறிப்புகள், வினாத்தொகுப்புகள், ஆய்வுக்கூடங்கள், நூலகங்கள், ஆசிரியர்கள் ஆகிய கல்வி வளங்களைப் பிற பள்ளி மாணவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்னும் கருத்து இன்று பல நாடுகளில் பேசப்படுகின்றது. ஆயினும் எதனைப் பகிர்வது, எவ்வாறு பகிர்வது, எந்த மனநிலையோடு பகிர்வது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாதவரை, அப்பகிர்வு ஏழை மாணவனின் வாழ்வில் பெரிய மாற்றம் எதனையும் விளைவிக்காது.

இவ்வினாக்களை இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. ஏழைகளுக்கென நிறுவப்பட்ட பள்ளிகள் அந்நாட்டில் செல்வர்க்குரியனவாக மாறின. பின்னர், அப்பள்ளிகள் பொதுமக்களுக்குச் செய்யவேண்டிய கைம்மாறு யாது என்னும் விவாதம் ஆணைக்குழுக்களிலும் நீதிமன்றங்களிலும் நூற்றாண்டுக் கணக்கில் நிகழ்ந்தது. அவ்விவாதம் தெளிவாகப் பதிவாகியுள்ளமையே அந்நாட்டைத் தேர்ந்தமைக்குக் காரணமாகும்.

நிறுவியோர் நோக்கம்

இங்கிலாந்தின் புகழ்பெற்ற தனியார் பள்ளிகளைப் 'பப்ளிக் ஸ்கூல்' என்று அழைப்பது மரபு. கட்டணம் மிகுந்த ஒரு பள்ளிக்குப் 'பொதுப்பள்ளி' என்று பெயர் அமைந்தது முரணாகத் தோன்றலாம். வீட்டில் தனி ஆசிரியரிடம் பயிலும் முறைக்கு மாறாக, எவ்வூரைச் சேர்ந்தவரும் வந்து பயிலலாம் என்னும் பொருளில் வழங்கிய பெயர் அது. ஆனால், பெயரில் மட்டுமன்றித் தோற்றத்திலும் அப்பள்ளிகளுள் பல பொதுமக்களுக்குரியனவாகவே இருந்தன.

1382ஆம் ஆண்டில் வின்செஸ்டர் ஆயராக விளங்கிய வில்லியம் என்பார் நிறுவிய பள்ளி, 70 ஏழை மாணவர்க்கு இலவசமாகக் கல்வி தருவதை நோக்கமாகக் கொண்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டே 1440ஆம் ஆண்டில் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டன் பள்ளியைத் தோற்றுவித்தார். அங்கும் 70 மாணவர்க்கு இலவசக் கல்வி வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. 1567ஆம் ஆண்டில் லாரன்ஸ் ஷெரிஃப் என்னும் மளிகை வணிகர் ரக்பி ஊர்ச் சிறுவர்க்காக ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். 1572ஆம் ஆண்டில் ஜான் லயன் என்னும் உழவர், எலிசபெத் அரசியாரிடம் பட்டயம் பெற்று, ஹாரோ என்னும் ஊரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கு வழிசெய்தார்.

ஆயர் ஒருவர், அரசர் ஒருவர், வணிகர் ஒருவர், உழவர் ஒருவர் என நிலையால் வேறுபட்ட இந்நால்வரும் நோக்கத்தால் ஒன்றுபட்டனர். வசதியற்ற சிறுவர்க்குக் கட்டணமின்றிக் கல்வி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் நிலங்களையும் வருவாய்களையும் எழுதி வைத்தனர். இன்று அப்பள்ளிகளுக்குரிய பழம்பெருமையின் வேர் இந்த அறத்தில்தான் உள்ளது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஹாரோ ஊர்மக்களின் வழக்கு

ஏழைகளின் பள்ளி செல்வரின் பள்ளியாக மாறியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. அதற்கு யாரும் தீய எண்ணத்தோடு திட்டமிட்டதாகவும் கூறுவதற்கில்லை. ஹாரோ பள்ளியின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

ஜான் லயன் வகுத்த விதிகளில், உள்ளூர்ப் பிள்ளைகளோடு வெளியூர் மாணவரையும் கட்டணம் பெற்றுச் சேர்த்துக்கொள்ள ஆசிரியருக்கு இசைவு அளிக்கப்பட்டிருந்தது. ஆசிரியரின் வருவாய்க்குத் துணையாக வைக்கப்பட்ட சிறு வாயில் அது. காலப்போக்கில் அச்சிறு வாயிலே பள்ளியின் தலைவாயில் ஆயிற்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து நிறைந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எவ்வூர்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நிறுவப்பட்டதோ அவ்வூர்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிற்குக் குறைந்துவிட்டனர்.

மனம் வருந்திய ஊர்மக்கள் 1809ஆம் ஆண்டில் சான்சரி நீதிமன்றத்தை நாடினர். 1810ஆம் ஆண்டில் வெளிவந்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. வெளியூர் மாணவரைச் சேர்த்துக்கொள்ள நிறுவியவரே இசைந்திருந்தார் என்பது அவர்களுக்கு எதிராக நின்ற முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இவ்வழக்கில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. உள்ளூர்ச் சிறுவனுக்குப் பள்ளியின் கதவு சட்டப்படி மூடப்பட்டிருக்கவில்லை. ஆனால், உள்ளே இலத்தீனும் கிரேக்கமுமே முதன்மையாகக் கற்பிக்கப்பட்டன. உழவர், சிறுவணிகர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அக்கல்வி வாழ்க்கைக்கு நேரடியாகப் பயன்படவில்லை. செல்வர் வீட்டு மாணவரிடையே தனித்து நிற்கும் கூச்சமும் அவர்களைத் தடுத்தது. எனவே, கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே பகிர்வு நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளல் ஆகாது. நுழைபவனின் தேவை எது என்று வினவாத திறப்பு, திறந்து கிடக்கும் வெற்று வாயிலாகவே எஞ்சும்.

1861ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கிளாரண்டன் ஆணைக்குழு, ஈட்டன், வின்செஸ்டர், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட பள்ளிகளை ஆராய்ந்து 1864ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1868ஆம் ஆண்டில் பப்ளிக் ஸ்கூல் சட்டம் இயற்றப்பட்டது. ஏழு பள்ளிகளின் ஆட்சிமுறையை அது மாற்றியமைத்தது. பழைய விதிகளை மாற்றிக்கொள்ளவும் வழிசெய்தது. அதன் பின்னர் ஹாரோவில் 1876ஆம் ஆண்டிலும் ரக்பியில் 1878ஆம் ஆண்டிலும் உள்ளூர்ச் சிறுவர்க்கெனத் தனித்தனிப் பள்ளிகள் தோன்றின. அறம் செய்தவர் ஒருவர், பள்ளிகளோ இரண்டாயின. புகழும் வளமும் ஒன்றிடத்துத் தங்க, நிறுவியவர் மனத்தில் இருந்த மாணவன் மற்றொன்றிற்கு அனுப்பப்பட்டான்.

அறச்சட்டமும் பொதுநன்மையும்

செல்வர் பயிலும் பள்ளியாக மாறிய பின்னரும் இப்பள்ளிகளுள் பல, சட்டத்தின் பார்வையில் அறநிலையங்களாகவே நீடித்தன. இதற்கு அடிப்படை மிகப் பழையது. 1601ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டம், எவையெவை அறச்செயல்கள் என்று வரிசைப்படுத்தியபோது பள்ளிகளையும் அவற்றுள் சேர்த்தது. 1891ஆம் ஆண்டில் பெம்சல் வழக்கில் மேக்நாட்டன் பிரபு அறநோக்கங்களை நான்காக வகுத்துரைத்தார். வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமுதாயத்திற்குப் பயன்படும் பிற நோக்கங்கள் என்பன அவை. கல்வி வளர்ச்சி என்பது வறுமை நீக்கத்தினின்றும் தனியே வைக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. கல்வி பெறுபவர் ஏழையாக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்னும் நிலை இதனால் உறுதிப்பட்டது. அறநிலையத் தகுதியோடு வரிச்சலுகைகளும் சேர்ந்து வந்தன.

இந்நிலையில் 2006ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. கல்வி தருவதனாலேயே ஒரு நிறுவனம் பொதுநன்மை செய்வதாகக் கொள்ளப்படும் என்னும் முன்முடிபு நீக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பொதுநன்மையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அறநிலைய ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எதிர்த்துத் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2011 அக்டோபரில் மேல் தீர்ப்பாயம் தன் முடிவை வெளியிட்டது.

அம்முடிவு இருதரப்பினருக்கும் பாடமாக அமைந்தது. கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு ஒரு பள்ளி பெயரளவிற்கு மேலாக ஏதேனும் செய்தாக வேண்டும். ஆனால், எதனை எவ்வளவு செய்வது என்பதை அப்பள்ளியின் அறங்காவலர்களே தீர்மானிக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் கூறியது. கட்டணச் சலுகையோடு நில்லாமல், அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவரைத் தம் வகுப்புகளில் அமரச் செய்தல், ஆசிரியரையும் வசதிகளையும் பகிர்தல், தாம் பயன்படுத்தும் பாடப்பொருள்களை இணையத்தின் வழியாகவோ பிற வழியாகவோ வழங்குதல், விளையாட்டுத் திடல்களைத் திறந்துவிடுதல் ஆகியவற்றையும் பொதுநன்மைக்குரிய வழிகளாக அது எடுத்துக்காட்டியது. கல்வி வளப் பகிர்வு இவ்வாறு நல்லெண்ணத்தின் எல்லையைக் கடந்து சட்டத்தின் சொல்லாட்சிக்குள் வந்து சேர்ந்தது.

எனினும் சட்டத்தின் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2025 ஜனவரி 1ஆம் நாள் முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது நூற்றுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல், இங்கிலாந்தில் அறநிலையங்களாக விளங்கும் தனியார் பள்ளிகள் கட்டட வரியில் பெற்றுவந்த சலுகையும் நீக்கப்பட்டது. இவ்வரி முறையானதா என்பது அந்நாட்டினர் தீர்க்கவேண்டிய அரசியல் வினா. நமக்குத் தெரிவது ஒன்று: தானே முன்வந்து கடனைத் திருப்பித் தரத் தயங்கும் நிறுவனத்திடம், சமுதாயம் ஒருநாள் வரியாக அதனைக் கேட்கும்.

இடத்தைப் பகிர்தல்

வளப் பகிர்வின் மிக நேரிய வடிவம், ஏழை மாணவனுக்குப் பள்ளியிலேயே இடம் தருவதாகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இக்கருத்து இங்கிலாந்தில் வலுப்பெற்றது. பிளெமிங் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1944ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, உறைவிடப் பப்ளிக் ஸ்கூல்களின் இடங்களில் நூற்றுக்கு 25 விழுக்காட்டினை அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் பயின்றவர்க்கு ஒதுக்கலாம் என்று பரிந்துரைத்தது. செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்பரிந்துரை பெரிதும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. பள்ளிகளைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் அதற்கில்லை. ஒரு சில மாணவரை உயர்கட்டணப் பள்ளிக்கு அனுப்புவதைவிட அப்பணத்தைத் தம் பள்ளிகளுக்கே செலவிடலாம் என்று உள்ளாட்சி அமைப்புகள் பல கருதின. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஓர் ஊரின் அறிவுக்கூர்மை மிக்க நால்வரை எடுத்துச் சென்றுவிட்டால், எஞ்சிய நாற்பதின்மர் பயிலும் பள்ளிக்கு என்ன கிடைத்தது என்னும் வினா எழுகின்றது. இங்கிலாந்து மாணவருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுவரே தனியார் பள்ளிகளில் பயில்கின்றனர். இடங்களை மட்டும் பகிர்ந்தால், மற்ற தொண்ணூற்று மூவரை அப்பகிர்வு சென்று சேராது. வளம் மாணவனைத் தேடிச் செல்லவும் வேண்டும்.

தாள் சென்றது, மேசை செல்லவில்லை

தேடிச் செல்லும் வளங்களுள் முதலில் எண்ணத்தக்கது எழுதப்பெற்ற பாடப்பொருளாகும். இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்க நாட்டில் கிடைப்பதால், இங்கிலாந்தை விட்டுச் சற்றே அங்குச் செல்வோம்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1781ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிலிப்ஸ் எக்சிட்டர் அகாடமி, செல்வ வளம் மிக்க தனியார் உறைவிடப் பள்ளியாகும். அங்குக் கணிதம் பயிற்றும் முறை தனித்தன்மை வாய்ந்தது. கணித ஆசிரியர்கள் தாமே கூடி எழுதிய கணக்குத் தொகுப்புகளே அங்குப் பாடநூலின் இடத்தைப் பெற்றுள்ளன. இலக்கணம் முன்னே, எடுத்துக்காட்டுப் பின்னே என்னும் வரிசை அவற்றில் இல்லை. ஒரு கணக்கிலிருந்து மறுகணக்கிற்குச் செல்லும்போது மாணவன் தானே விதியைக் கண்டறிகின்றான். இத்தொகுப்புகளை அப்பள்ளி இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுமாறு வைத்துள்ளது. உலகின் எந்த மூலையிலுள்ள ஆசிரியரும் அவற்றைப் படியெடுத்து வகுப்பில் பயன்படுத்தலாம். இது மனமுவந்து பாராட்டத்தக்க பண்பு.

ஆயின், அக்கணக்குகள் எச்சூழலுக்காக எழுதப்பட்டன என்பதையும் நோக்க வேண்டும். 1930ஆம் ஆண்டில் எட்வர்டு ஹார்க்னஸ் என்னும் கொடையாளர் அப்பள்ளிக்குப் பெருந்தொகை வழங்கினார். அதன் பயனாக, ஏறத்தாழ 12 மாணவர் ஆசிரியரோடு நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து உரையாடிக் கற்கும் முறை அங்கு நிலைபெற்றது. முந்தைய இரவு தான் முயன்று பார்த்த கணக்கை ஒருவன் கரும்பலகையில் எழுத, மற்றவர் அதனை ஆராய, ஆசிரியர் குறுக்கிடாது வழிநடத்துவார். இம்மேசையின்றி அக்கணக்குத் தொகுப்பு பாதி உயிரோடுதான் இயங்கும். ஐம்பது, அறுபது மாணவர் நெருங்கி அமர்ந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தாள் உலகெங்கும் செல்கின்றது. மேசை இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

கொரோனாப் பெருந்தொற்றின்போதும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஈட்டன் பள்ளி தன் இணையவழிப் பாடங்களை அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்பு மாணவர்க்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. நல்ல செயலே. ஆனால், இணையவழிப் பாடம் எவ்வளவு சிறந்ததாயினும், வீட்டில் கணினியும் அமைதியான ஓர் மூலையும் இருந்தவனுக்கே அது முழுப்பயன் தந்தது. பகிர்ந்தளிக்க மிக எளிதான வளம், ஏற்கெனவே ஓரளவு வசதி பெற்றவனையே முதலில் சென்றடைகின்றது என்பது இதனால் பெறப்படும்.

பாடப்பொருளைப் பகிர்வது பயனற்றது என்பது இதன் கருத்தன்று. கொடுப்பவரிடம் சிறிதும் குறையாத வளத்தை மறைத்து வைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை. ஆனால், குறையா வளத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுவது போதாது. ஏழை மாணவனுக்குப் பெரிதும் கிட்டாதவை ஆசிரியரின் நேரமும் கவனமுமே.

ஆசிரியரைப் பகிர்தல்

குறையும் வளத்தைப் பகிர முனைந்த முயற்சிகளும் இங்கிலாந்தில் உண்டு. கிழக்கு லண்டனில் ஸ்டிராட்ஃபோர்டு என்னும் பகுதியில் 2012ஆம் ஆண்டில் 'லண்டன் அகாடமி ஆஃப் எக்சலன்ஸ்' என்னும் மேனிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அரசு நிதியில் இயங்கும் இப்பள்ளிக்குப் பிரைட்டன் கல்லூரி, ஈட்டன் முதலிய தனியார் பள்ளிகள் சேர்ந்து துணைநின்றன. வறுமை மிகுந்த அப்பகுதியிலிருந்து பல மாணவர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களை அடைந்தனர். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைத் தேர்ந்தெடுப்பதால், பின்தங்கிய மாணவர்க்கு இதனால் என்ன பயன் என்னும் குறையும் உடன் எழுந்தது. இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும்.

யார்க் நகரில் 2007ஆம் ஆண்டு முதல் மற்றொரு வழி பின்பற்றப்படுகின்றது. அந்நகரின் தனியார் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் ஒரே கூட்டமைப்பில் இணைந்துள்ளன. தனித்தனிப் பள்ளியில் போதிய மாணவர் சேராமையால் நடத்த இயலாத இலத்தீன் போன்ற பாடங்களை, பல பள்ளி மாணவரையும் ஒருங்கே அமர்த்தி நடத்த இது வழிசெய்கின்றது. இங்கு இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிடுகின்றனர். ஒரு தரப்பார் கை உயர்ந்தும் மறு தரப்பார் கை தாழ்ந்தும் இருக்கும் நிலை மாறுவதற்கு இவ்வமைப்பில் வாய்ப்பு உண்டு.

திண்ணையிலிருந்து சென்ற வளம்

வளம் எப்போதும் செல்வர் பள்ளியிலிருந்து ஏழைப் பள்ளிக்கே செல்லும் என்று எண்ணுவது வரலாற்றுக்கு முரணானது. இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவித்த ஒரு பெரும் முறை நம் சென்னையிலிருந்து சென்றது என்பதைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் சமயகுரு, 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான இல்லத்தில் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அங்கு ஆசிரியர் போதாமையும் இருந்த ஆசிரியரின் ஊக்கமின்மையும் அவரை வருத்தின. ஒருநாள் அவர் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனை 'மலபார்ப் பள்ளி' என்று அவர் குறித்தார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் அப்பெயராலேயே சுட்டினர். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதுவதும், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். தம் இல்லத்தின் ஆசிரியர்கள் மணலெழுத்து முறையை ஏற்கத் தயங்கியபோது, பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அப்பணிக்கு அமர்த்தினார். அவன் வெற்றி பெற்றான். மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் முறை அங்கு விரிவு பெற்றது.

நாடு திரும்பிய பெல், 1797ஆம் ஆண்டில் தம் முயற்சியை நூலாக வெளியிட்டார். 1811ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்ற அதனைத் தன் பள்ளிகளில் கையாண்டது. பெல் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகின்றது. இம்முறையிலும் குறை உண்டு. சிறுவரைக் கொண்டு பெருங்கூட்டத்திற்குக் கற்பித்தமையால் கல்வி மனப்பாடமாகச் சுருங்கியது. 1846ஆம் ஆண்டு முதல் பயிற்சி பெறும் இளம் ஆசிரியரை அமர்த்தும் முறை மெல்ல அதன் இடத்தைப் பெற்றது. எனினும், மணலும் விரலும் மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஓர் ஏழைப் பள்ளி கடல்கடந்த நாட்டிற்கு வழிகாட்டியது என்பது மறுக்கவியலாதது. ஆசிரியர் குறைந்த சூழலில் கற்பிக்கும் நுட்பத்தை வளம் மிக்க பள்ளி அறிய வாய்ப்பில்லை. அந்நுட்பத்தை ஏழைப் பள்ளியின் ஆசிரியரே அறிவார். பகிர்வு இருவழிப்பாதையாக அமைதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

நம் நாட்டில்

இச்சிந்தனைகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியும் அதனைச் சூழ்ந்துள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளும் ஒரு தொகுதியாக இணைந்து ஆய்வுக்கூடம், நூலகம், ஆசிரியர் திறன் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் 'பள்ளித் தொகுதி' முறையைப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பற்றிக் கருத்து வேறுபாடுகள் பல உள்ளன. எனினும், அதுவும் அக்கருத்தை மீண்டும் எடுத்துரைத்ததோடு, ஓர் அரசுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளியும் இணைந்து ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்கலாம் என்றும் கூறியது.

இடப்பகிர்வைப் பொறுத்தவரை, 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவிபெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கியது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டு ஏட்டளவில் நின்ற அதே விழுக்காடு, இங்கே சட்டமாயிற்று. 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டும் என 2025 செப்டம்பரில் இரு நீதியரசர் அமர்வு ஒன்று ஐயம் எழுப்பியது.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சட்டம் அளிக்கும் விலக்கு, நிறுவனத்தின் உரிமையைக் காப்பதற்காக ஏற்பட்டது. அவ்வுரிமையைப் பெற்ற நிறுவனம் அண்டையிலுள்ள ஏழை மாணவனை, அவன் எச்சமயத்தவனாயினும், மறந்துவிடலாம் என்பது அதன் பொருளன்று. கல்வி நிலையங்கள் பல, பொதுமக்கள் தந்த நிலத்தாலும் பொருளாலும் எழுந்தவை. ஹாரோவின் சிறு வாயில் தலைவாயிலான வரலாறு, நிறுவியோர் நோக்கத்தைப் பின்வந்தோர் ஆண்டுதோறும் நினைவுகூரத் தவறினால் என்ன நேரும் என்பதைக் காட்டி நிற்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. கல்வி வளங்கள் குறையாதன, குறைவன என இருவகைப்படும். பாடக்குறிப்பு, வினாத்தொகுப்பு போன்ற குறையா வளங்களை எவ்விதத் தயக்கமுமின்றி அனைவர்க்கும் திறந்துவிடுதல் வேண்டும். பகிர்வு அத்தோடு முடிந்துவிடுதல் ஆகாது.

2. ஆசிரியரின் நேரம், ஆய்வுக்கூடம், நூலகம் ஆகிய குறையும் வளங்களைப் பகிர்வதே உண்மையான சோதனை. விடுமுறை நாள்களில் பூட்டிக்கிடக்கும் ஆய்வுக்கூடத்தை அண்டைப் பள்ளி மாணவர்க்குத் திறந்துவிடுவது எந்த நிறுவனத்தின் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டதன்று.

3. பெறுபவரின் தேவையைப் பெறுபவரே கூறவேண்டும். இரு பள்ளிகளின் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து திட்டமிடாத பகிர்வு நிலைத்து நிற்பதில்லை.

4. பகிர்வு இருவழிப்பட்டது. எளிய பள்ளியிடமும் கற்றுக்கொள்ளத்தக்க நுட்பம் உண்டு.

5. பகிர்வை ஈகையாகக் கருதும் பள்ளி, வசதி குறைந்த ஆண்டில் அதனை நிறுத்திவிடும்; கடனாகக் கருதும் பள்ளி, தன் செலவுத் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கும்.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் பலர் நாளை ஆசிரியராவர்; சிலர் பள்ளிகளை நடத்தும் பொறுப்பையும் ஏற்பர். தாம் பணியாற்றும் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு அப்பால், அதே பாடத்தை அதே தேர்வுக்காகப் படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். அவனுக்குரிய பங்கு எவ்வளவு என்பதைச் சட்டம் ஓரளவே வரையறுக்க இயலும்; எஞ்சியதை ஆசிரியரின் மனச்சான்றே வரையறுக்கும். தாம் பெற்ற கல்வி எவரெவர் கொடையால் கிடைத்தது என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு அக்கணக்கு எளிதில் விளங்கும்.